பழைய கம்ப்யூட்டருக்கு ஏஐ தாங்குமா? - வாசகர் கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து ஏஐ உதவியாளர் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே. செல்போன் கேள்விகளை ஒதுக்கிவிட்டோம். இது முழுக்க மேசைக் கம்ப்யூட்டருக்கு.

கைலி மொத்த வியாபாரம் செய்கிறேன். கடையில் இருப்பது ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய ஐ3 கம்ப்யூட்டர், 8 ஜிபி ராம். இன்டர்நெட் இல்லாமலே ஏஐயை அதில் போட்டுக்கொள்ளலாம் என்கிறான் மகன். கம்ப்யூட்டர் கடைக்காரரோ புது மெஷின் வாங்கினால்தான் ஆகும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகர், குடியாத்தம்

மகன் பேச்சை. ஆனால் ராம் கணக்கைப் பார்த்துவிட்டு.

சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட், கிளாட் போன்றவை பிரவுசரில் திறப்பவை. வேலை முழுவதும் அந்தந்த நிறுவனத்தின் சர்வரில் நடக்கிறது. பிரவுசர் ஒழுங்காகத் திறக்கிற எந்தக் கம்ப்யூட்டரும் இதற்குப் போதும். கடைக்காரர் சொல்லும் புது மெஷின் இதற்குத் தேவையே இல்லை. மகன் சொல்வது இன்னொரு வகை: ஏஐயின் மூளையான மாடல் என்ற கோப்பை ஒருமுறை இறக்கி, உங்கள் மெஷினிலேயே ஓட்டுவது. இங்கேதான் ராம் வந்து நிற்கிறது.

மாடலின் பெயரோடு 4பி, 8பி, 12பி என்று போட்டிருப்பார்கள். 4பி என்றால் அதற்குள் சுமார் 400 கோடி எண்கள் இருக்கின்றன என்று பொருள். ஒவ்வொரு எண்ணையும் 4-பிட் அளவுக்குச் சுருக்கிய 4பி மாடல் ஏறக்குறைய 2.5 ஜிபி இடம் பிடிக்கும். 8பி மாடல் 5 ஜிபியைத் தொடும். 12பி என்றால் 7 ஜிபிக்கு மேல். விண்டோஸ் 11 தன் பங்குக்கு 3 முதல் 4 ஜிபி வரை எடுத்துக்கொள்கிறது. பில்லிங் மென்பொருளும் பிரவுசரும் அதற்கு மேல். ஆகவே 8 ஜிபி மெஷினில் பிரவுசரை மூடிவிட்டு 4பி மாடலை ஓட்டலாம், 8பி ஓடாது. மீறி ஏற்றினால் ராமில் இடமில்லாததை விண்டோஸ் டிஸ்கில் வைத்து எடுக்க ஆரம்பிக்கும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் நகராது. மெஷின் பழுதாகிவிட்டது என்று இதைத்தான் பலர் நினைக்கிறார்கள்.

வேகத்துக்கு வருவோம். மாடல் பதிலை டோக்கன் என்ற துண்டுகளாக எழுதுகிறது. தமிழ்ச் சொல் ஒன்று பெரும்பாலும் இரண்டு மூன்று டோக்கனாக உடையும். ஒவ்வொரு டோக்கனுக்கும் அந்த 2.5 ஜிபி முழுவதையும் பிராசசர் ராமிலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். 2666 வேக டிடிஆர்4 ராம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் நொடிக்குச் சுமார் 21 ஜிபிதான் படிக்க முடியும். 21ஐ 2.5ஆல் வகுத்தால் நொடிக்கு எட்டு டோக்கன், அதுவும் உச்ச வரம்பு. நடைமுறையில் ஐந்து ஆறு வரும். அதே அளவில் இன்னொரு குச்சியைச் சொருகினால் இரண்டும் ஒரே நேரத்தில் படிக்கப்பட்டு இந்த வரம்பு இரட்டிப்பாகிறது. கடைகளில் விற்கும் ஐ3 மெஷின்களில் பெரும்பாலும் ஒரு குச்சிதான் இருக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் திறந்தால் எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது, ராம் என்ன வேகம் என்பதெல்லாம் தெரியும். இரண்டில் ஒன்று என்று காட்டினால், அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி குச்சி வாங்கிப் போடுங்கள். இடமும் கிடைக்கும், வேகமும் கிடைக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கே இருந்தால் எஸ்எஸ்டியும் மாற்றிவிடலாம். மாடல் ராமில் ஏறுவதற்கு ஹார்ட் டிஸ்க்கில் அரை நிமிடம் வரை ஆகும், எஸ்எஸ்டியில் சில நொடிகள்தான். ஏறிய பிறகு பதில் வரும் வேகத்துக்கும் எஸ்எஸ்டிக்கும் சம்பந்தமில்லை.

ஒரு எச்சரிக்கை. பில்லில் ஐ3 என்று இருந்து, மெஷினில் பென்டியம் கோல்டு இருக்கக்கூடும். டாஸ்க் மேனேஜரில் சிபியு, அதாவது பிராசசர் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பென்டியம், செலரான்களில் ஏவிஎக்ஸ்2 என்ற வசதி கிடையாது. அடுத்த பதிலில் சொல்லும் மென்பொருள் அதில் ஓடாது.

நிறுவும் முறையை வரிசையாக எழுதுங்கள். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும் வழி வேண்டாம்.
- ஓய்வு பெற்ற ஆசிரியர், காட்பாடி

அப்படியென்றால், மாடலை ஓட்டும் மென்பொருள்களில் ஓலாமாவைவிட எல்எம் ஸ்டுடியோ உங்களுக்குச் சுலபம். இலவசம்தான். அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கூகுளில் தேடும்போது முதலில் வரும் விளம்பர இணைப்பை அழுத்தாதீர்கள். ஏஐ மென்பொருள் பெயரில் வைரஸ் விற்பவர்கள் அங்கேதான் கடை போடுகிறார்கள்.

நிறுவி முதல்முறை திறக்கும்போது தானாகவே ஒரு மாடலை இறக்கச் சொல்லிக் கேட்கும். அதைத் தாண்டிச் செல்லுங்கள். அது பரிந்துரைப்பது உங்கள் ராமுக்குப் பெரிதாக இருக்கலாம். பூதக்கண்ணாடிப் படம் போட்ட தேடல் பகுதிக்குப் போய் ஜெம்மா 3 4பி என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். கூகுள் 2025ல் வெளியிட்ட மாடல் இது. இந்த அளவில் தமிழ் தெரிந்த மாடல்கள் குறைவு. அவற்றில் இது பரவாயில்லை. ஒரே மாடலுக்குப் பல சுருக்க அளவுகள் வரிசையாக வரும். கியூ4 கே எம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கியூ8 பெரிதாகி மெதுவாகும். கியூ2 சிறிது, ஆனால் தமிழ் முதலில் அடிபடுவது அதில்தான். படங்களைப் படிக்கும் பகுதியையும் சேர்த்து 3.3 ஜிபி அளவுக்கு இறங்கும். தினமும் 1.5 ஜிபி தரும் செல்போன் திட்டத்தில் ஹாட்ஸ்பாட் போட்டு ஆரம்பிக்காதீர்கள், பாதியில் வேகம் செத்துவிடும். வீட்டில் பிராட்பேண்ட் இல்லையென்றால் இருக்கிற இடத்தில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவரலாம்.

சி டிரைவில் இடம் குறைவா? இறக்குவதற்கு முன்பே, மை மாடல்ஸ் பகுதியில் கோப்புகள் சேமிக்கப்படும் இடத்தை டி டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் கோப்புகளை நீங்களே நகர்த்த வேண்டும்.

இறங்கியதும் சாட் பகுதிக்கு வந்து, மேலே உள்ள பட்டியில் மாடலை ஏற்றுங்கள். போதுமான ராம் இல்லையென்று ஏற்ற மறுத்தால், அந்தத் தடையை அமைப்புகளில் நீக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பிரவுசரை மூடிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். வலப்பக்கத்தில் சிஸ்டம் பிராம்ப்ட் என்று ஒரு பெட்டி இருக்கும். ‘எப்போதும் எளிய தமிழில், சுருக்கமாகப் பதில் சொல். கொடுத்த தகவலில் இல்லாததைச் சேர்க்காதே’ என்று அதில் எழுதிவைத்தால் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்ததும் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் மாடல் உங்கள் வீட்டுக்குள்தான் ஓடுகிறது.

அச்சகம் வைத்திருக்கிறோம். இருபது வருடத்துக் கல்யாணப் பத்திரிகை, மலர், துண்டறிக்கை எல்லாம் பேஜ்மேக்கரில் இருக்கின்றன. அந்தத் தமிழை எடுத்து ஏஐயிடம் பிழை திருத்தக் கொடுத்தால் சம்பந்தமில்லாமல் உளறுகிறது. எந்த ஏஐ வாங்கினால் சரியாகும்?
- வாசகர், வேலூர்

எதை வாங்கினாலும் சரியாகாது. ஏஐக்கு அங்கே தமிழே போய்ச் சேரவில்லை.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். திரையில் அவற்றுக்குத் தமிழ் வடிவம் வரைந்து காட்டுவது எழுத்துரு. உதாரணமாக, பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி கோப்புக்குள் ஓர் அரைப்புள்ளியாகத்தான் கிடக்கிறது. நகலெடுத்து ஏஐயில் ஒட்டும்போது எழுத்துரு கூட வராது, அந்தக் குப்பை மட்டும் போகும். சோதித்துப் பார்க்க, வேர்டில் ஒட்டி எழுத்துருவை நிர்மலா யுஐ என்று மாற்றுங்கள். தமிழாகவே நின்றால் அது யூனிகோடு, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான குறியேற்றம். ஆங்கிலக் கிறுக்கலாக மாறினால் பழைய குறியேற்றம்.

இதையே ஏஐயிடம் கொடுத்து ‘யூனிகோடாக மாற்று’ என்று கேட்கும் பழக்கம் பரவியிருக்கிறது. சில வரிகள் சரியாகவும் வரும். ஆபத்தே அதுதான். புரியாத இடத்தில் அது ஊகித்து ஒரு சொல்லை வைத்துவிடும், அதுவும் இலக்கணச் சுத்தமாக இருக்கும். மணமகனின் தாத்தா பெயர் மாறினால் யாருக்குத் தெரியும்? குறியேற்றம் மாற்றுவது எழுத்துக்கு எழுத்து அட்டவணை வைத்துச் செய்கிற இயந்திர வேலை. அதற்கு என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற பழைய கருவிகளே போதும். எழுத்துருவின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். பேஜ்மேக்கரிலிருந்து ஒவ்வொரு பத்தியையும் எழுத்துரு பிரித்து எடுங்கள். தலைப்பு ஒரு எழுத்துருவிலும் உள்பகுதி இன்னொன்றிலும் இருந்தால், ஒன்றாக மாற்றும்போது பாதி கெடும்.

மாற்றிய பிறகும் வேலை பாக்கி உண்டு. ‘ர்’ அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்து அடித்திருப்பார்கள். அச்சில் வித்தியாசமே தெரியாது. யூனிகோடில் ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ என்றாகிவிடும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தாலும் தேடலுக்கும் ஏஐக்கும் அது வேறு சொல். அதேபோல ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்கு ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாகக் கிடக்கும். ஒற்றைக் கொம்பும் காலும் பிரிந்து நிற்பதும் உண்டு. வேர்டில் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் கொண்டு முதலாவதை ஒரே அடியில் மாற்றிவிடலாம். இரண்டாவதை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் ‘ஒளி’ போன்ற சொற்களும் கெட்டுவிடும். அதற்குப் பிறகு ஏஐயிடம் கொடுங்கள். அப்போதும் ‘எழுத்துப் பிழையை மட்டும் திருத்து, சொல்லை மாற்றாதே, மாற்றியவற்றைத் தனியாகப் பட்டியலிடு’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கும் பத்திரிகையைக் கட்டுரை நடைக்குக் கொண்டுபோய்விடும்.

இனி வரும் கோப்புகளையாவது யூனிகோடில் தொடங்குங்கள். தமிழக அரசே 2010ல் அதை ஏற்றுவிட்டது.

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது என்று என் கம்ப்யூட்டர் ஏஐ அடம் பிடிக்கிறது. திருத்தினால் மன்னிப்புக் கேட்கிறது, மறுநாள் மறுபடியும் அதையே சொல்கிறது.
- வாசகி, ஆம்பூர்

2019 நவம்பரில்தான் வேலூரிலிருந்து திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் தனி மாவட்டங்களாயின. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில். மாடல் கற்றுக்கொண்ட எழுத்துகளில் ‘வேலூர் மாவட்டம், ஆம்பூர்’ என்று பல்லாண்டு காலம் எழுதப்பட்டவையே அதிகம். சிறிய மாடல் அடிக்கடி பார்த்ததைச் சொல்லும், அண்மையில் நடந்ததைச் சொல்லாது. வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம்காரர்களுக்கும் இதே கதிதான். நீங்கள் திருத்தியது அந்த உரையாடலோடு சரி. மாடல் கோப்பு மாறுவதே இல்லை. புதிய உரையாடலில் அது பழைய மாடலாகவே எழுந்திருக்கிறது.

ஆகவே ஊர், விலை, சட்டம், தேதி போன்றவற்றை அதன் நினைவிலிருந்து கேட்காதீர்கள். ஆவணத்தைக் கொடுத்து, அதிலிருந்து பதில் கேளுங்கள். அதிலும் இரண்டு சிக்கல் வரும். முதலாவது, கான்டெக்ஸ்ட் அளவு, அதாவது மாடல் ஒரே நேரத்தில் கவனத்தில் வைக்கக்கூடிய எழுத்தின் அளவு. பல மென்பொருள்கள் தொடக்கத்தில் 4096 டோக்கன் என்று வைத்திருக்கும். ஆங்கிலத்தைவிடத் தமிழ் கூடுதலாக டோக்கன் தின்னும் என்பதால் சில பக்கங்களிலேயே அது நிரம்பி, முன்னால் சொன்னது மறந்துபோகும். மாடலை ஏற்றும்போது 8192 என்று கூட்டலாம். ராமும் அதற்கேற்பக் கூடுதலாகப் போகும். இரண்டாவது, நீளமான கோப்பை இணைத்தால் எல்எம் ஸ்டுடியோ முழுதும் படிப்பதில்லை. கேள்விக்குப் பொருத்தமாகத் தெரியும் துண்டுகளை மட்டும் எடுத்து மாடலிடம் தருகிறது. ‘வாடகை எவ்வளவு என்று எழுதியிருக்கிறது?’ என்றால் பதில் கிடைக்கும். ‘முழுவதையும் சுருக்கு’ என்றால் பார்க்காத பக்கங்களையும் பார்த்ததுபோலச் சுருக்கும். பகுதி பகுதியாக ஒட்டிச் சுருக்கச் சொல்லுங்கள்.

பத்திரம், பட்டா போன்றவற்றை ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அதற்குள் எழுத்தே கிடையாது, படம்தான். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக மாறும். எண்களை மட்டும் மூலத்தோடு ஒப்பிடாமல் விடாதீர்கள்.

வரிக் கணக்கு அலுவலகம். வாடிக்கையாளர் விவரங்களை ஏஐயில் போடலாமா?
- வாசகர், ராணிப்பேட்டை

மெஷினுக்குள் ஓடும் மாடலில் போடலாம். இணைய ஏஐயில் அப்படியே போடக்கூடாது. உரையாடல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதை அமைப்புகளில் நிறுத்த முடியும் என்றாலும், எழுதியது அவர்கள் சர்வருக்குப் போய்த்தான் திரும்புகிறது. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், அடுத்தவர் விவரத்தைக் கையாளுபவருக்குத்தான் பொறுப்பு.

பெயரையும் பான் எண்ணையும் அழித்துவிட்டு ஜிஎஸ்டி எண்ணை விட்டுவிடுகிறார்கள். 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு, தமிழ்நாட்டுக்கான 33. அடுத்த பத்து, அந்த ஆளின் பான் எண்ணேதான். அதையும் அழியுங்கள்.

கூட்டல் கழித்தலை எந்த ஏஐயிடமும் நம்பி விடாதீர்கள். எக்செல் பத்திகள் இப்படி இப்படி இருக்கின்றன, எந்தச் சூத்திரம் போட வேண்டும் என்று கேளுங்கள். கணக்கை எக்செல் போடட்டும். இதற்கு விவரமே அனுப்ப வேண்டியதில்லை, பத்தித் தலைப்புகள் போதும்.

விண்டோஸ் 10லேயே இருக்கலாமா?
- வாசகர், அணைக்கட்டு

மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தையது என்றால் 11க்கு மாறுங்கள். டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று மறுத்தால் பயாஸில் பிடிடி என்பதை இயக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

ஏஐ ஓட்டினால் ஃபேன் கத்துகிறது, கால் மணி நேரத்தில் வேகம் பாதியாகிறது. சித்திரை, வைகாசியில் தானே அணைந்தும்போகிறது. கிராபிக்ஸ் கார்டு போட்டால் தீருமா?
- வாசகர், தொரப்பாடி

வேலூர் வெயிலில் அறையே 38, 40 டிகிரி இருக்கும்போது, எல்லாக் கோர்களும் முழு வேகத்தில் ஓடினால் பிராசசர் 100 டிகிரியை எட்டிவிடும். அங்கே தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மேசையின் மூடிய அறைக்குள் கேபினெட் இருந்தால் முதலில் வெளியே எடுங்கள். ஹீட்சிங்க்கில் அடைந்த தூசியை ஊதி எடுத்து, தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஐந்தாறு வருடத்தில் அது காய்ந்து பொடியாகியிருக்கும்.

செலவில்லாத வழியும் உண்டு. மாடலை ஏற்றும் அமைப்பில் சிபியு திரெட்ஸ் என்று இருப்பதைக் குறையுங்கள். நான்கு கோர் என்றால் மூன்று வைத்துப் பாருங்கள். வேகத்தைத் தடுப்பது பெரும்பாலும் ராம் என்பதால் பதில் எழுதும் வேகம் அதிகம் குறையாது, சூடு கண்டிப்பாகக் குறையும். நீளமான ஆவணத்தைப் படிக்கும் நேரம் மட்டும் கொஞ்சம் கூடும்.

அணைந்துபோவதற்கு யுபிஎஸ்ஸும் காரணமாக இருக்கலாம். 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும், பேட்டரி பழசானால் மின்சாரம் போன நொடியே படுத்துவிடும். மின்சாரம் போகாத நேரத்திலும் அணைகிறதா என்று கவனித்தால் சூடா, யுபிஎஸ்ஸா என்று பிரித்துவிடலாம்.

கிராபிக்ஸ் கார்டு போட்டால் வேகம் பல மடங்கு கூடும், உண்மைதான். வாங்கினால் அதன் மெமரியைப் பார்த்து வாங்குங்கள், மாடல் எண்ணைப் பார்த்து அல்ல. ஆர்டிஎக்ஸ் 3060ல் 12 ஜிபி வகை இருக்கிறது. 8பி, 12பி மாடல்கள் முழுதாக அதற்குள் அடங்கும். 8 ஜிபி கார்டில் 12பி அடங்காமல் மிச்சம் ராமுக்கு வழிந்து, வேகம் சரிந்துவிடும். 3060 தனியாக 170 வாட் இழுக்கும், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) கேட்கும். கேபினெட்டோடு சும்மா வந்த ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ்ஸில் இதைச் சொருகாதீர்கள். 600 விஏ யுபிஎஸ்ஸும் தாங்குவது சந்தேகம். கார்டு விலையோடு இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு, தினமும் ஒரு மணி நேரமாவது ஏஐ ஓட்டுகிறீர்களா என்று யோசியுங்கள். இல்லையென்றால் இணைய ஏஐயே மேல்.

ஷூ அப்பர் தைக்கும் கம்பெனியில் ஆங்கிலக் கடிதங்கள் என் பொறுப்பு. ஏஐ எழுதுவது ரொம்ப வழவழ. ஆங்கிலத்திலேயே கேட்க வேண்டுமா?
- வாசகர், வாணியம்பாடி

இணைய ஏஐகளிடம் தமிழில் கேட்டாலே போதும். 4பி மாடலில் ஆங்கிலத்தில் கேட்டால் பதில் தேறும். வழவழப்புக்குக் காரணம் மொழியல்ல, விவரம் போதாதது. ‘தாமதத்துக்கு ஒரு மெயில் எழுது’ என்றால் அது எதை வைத்து எழுதும்? இப்படிக் கேளுங்கள்: ‘2,400 ஜோடி அப்பர் 10ஆம் தேதி போக வேண்டியது, 18ஆம் தேதிதான் போகும். லைனிங் தோல் நிறம் ஒத்துவராமல் திருப்பி அனுப்பினோம். 1,000 ஜோடியை 12ஆம் தேதி தனியாக அனுப்பத் தயார், சம்மதமா என்று கேள். நான்கு வருடமாக வாங்குபவர், ஒருமுறை மட்டும் வருத்தம் தெரிவி. ஆறு வரிக்கு மேல் வேண்டாம்.’ அனுப்புமுன் எண்களையும் தேதிகளையும் ஒருமுறை பாருங்கள்.

எனக்குத் தட்டச்சு வராது. பேசினால் தமிழில் எழுதுமா?
- இல்லத்தரசி, சத்துவாச்சாரி

எழுதும். குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங்கைத் தேர்ந்தெடுத்து, மொழியைத் தமிழ் என்று வையுங்கள். பேசி முடித்ததை நகலெடுத்து ஏஐயில் ஒட்டலாம். இதற்கு இன்டர்நெட் வேண்டும், உங்கள் பேச்சு கூகுளுக்குப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். நிறுத்தற்குறிகளை நீங்கள்தான் போட வேண்டும்.

மேசைக் கம்ப்யூட்டரில் மைக் கிடையாது. செல்போன் இயர்போனைப் பின்பக்கம் சொருகினால் சத்தம் கேட்கும், உங்கள் பேச்சு பதியாது. காரணம், அந்த ஒற்றை முனையில் மைக்குக்கும் ஒரு வளையம் இருக்கிறது. கம்ப்யூட்டரின் பச்சைத் துளையில் ஒலிபெருக்கிக்கு மட்டும்தான் இணைப்பு, மைக்குக்கு இளஞ்சிவப்புத் துளை தனியாக இருக்கிறது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறு கேபிள் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். அல்லது யுஎஸ்பி ஹெட்செட் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.